பழுதுற்ற வீட்டு இயந்திரங்கள்: செப்பனிடுதல் நலமா, புதிது வாங்குதல் நலமா?

பழுது பார்த்தல் என்பது குடியானவர்களுக்குப் புதிய விஷயமன்று. கொழு தேய்ந்தால் கொழுவை மாற்றுவார்களேயன்றி ஏரை எறிந்துவிடுவதில்லை. வண்டிச் சக்கரத்தின் பட்டா கழன்றால் கொல்லரிடம் கொண்டுசென்று காய்ச்சி ஏற்றுவார்கள். அச்சு முறிந்து, குடமும் வெடித்து, ஆரங்களும் உளுத்துப்போன பின்னரே புதுச் சக்கரத்தைப் பற்றி யோசிப்பார்கள். எந்தப் பாகம் கெட்டால் பொருள் பிழைக்கும், எந்தப் பாகம் கெட்டால் பொருளே முடிந்தது என்பதைத் தம் கருவிகளில் அவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். ஆயினும் மின்சாரத்தால் ஓடும் வீட்டு இயந்திரம் ஒன்று நின்றுவிட்டால், இந்த விவேகம் அனேகருக்குக் கைகொடுப்பதில்லை. சிலர் அற்பப் பழுதுக்காக நல்ல இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். வேறு சிலர் உயிர்போன இயந்திரத்துக்கு மாதந்தோறும் பணம் செலவிடுகின்றனர். இரண்டும் நஷ்டமே.

கோயமுத்தூரில் 1955ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கியது முதல், கல்லுரலின் வேலை படிப்படியாக இயந்திரத்துக்கு மாறிற்று. தமிழ்நாட்டு அரசினர் 2006இல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவையும் விலையின்றி வழங்கத் தொடங்கிய பின், இவை இல்லாத குடும்பம் கிராமங்களில் அரிதாயிற்று. அக்காலத்தில் வந்த இயந்திரங்கள் பத்தாண்டுகளையும் கடந்துவிட்டன. ஆகவே, செப்பனிடுவதா, மாற்றுவதா என்னும் கேள்வி இன்று ஒரே சமயத்தில் பல வீடுகளில் எழுகிறது. இதற்கு விடை காண நான்கு விஷயங்களை முறையாக விசாரிக்க வேண்டும். கெட்டது எது? கெட்டது ஏன்? செப்பனிட்ட பின் எத்தனை ஆண்டு உழைக்கும்? ஓடுவதற்கு எவ்வளவு மின்சாரம் உண்ணும்? இவற்றுள் இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதேயில்லை. அதனால் ஏற்படும் நஷ்டமே மற்றெல்லாவற்றிலும் பெரிது.

கெட்டது எது?

ஒவ்வோர் இயந்திரத்திலும் தலைமைப் பாகம் ஒன்று உண்டு. அதைச் சூழ்ந்து தேயும் பாகங்கள் பல உண்டு. தேயும் பாகங்கள் முதலில் கெடுவது இயல்பு. அவற்றுள் சில, தலைமைப் பாகத்தைக் காப்பதற்காக முதலில் கெடும்படியாகவே அமைக்கப்பட்டவை. ஆதலால் இயந்திரம் நின்றுவிட்டது என்பதனாலேயே அது முடிந்துவிட்டது என்று கருதலாகாது.

மின்விசிறி மெதுவாகச் சுழல்வதும், கையால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றத் தொடங்குவதும் பெரும்பாலும் கண்டென்ஸர் என்னும் சிறு பாகம் வலிமை குன்றியதன் அடையாளங்களாகும். அதன் விலை மிகச் சொற்பம். மாற்றுவதற்குக் கால் மணி நேரம் போதும். கரகரவென்ற ஓசை எழுமாயின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும், அதுவும் மாற்றத்தக்கதே. காயில் கருகி நாற்றம் வீசுமாயின் மட்டுமே விசிறியின் தலைமைப் பாகம் கெட்டதென்று கொள்ள வேண்டும்.

மிக்ஸி திடீரென நின்றுவிட்டால், முதலில் அதன் அடிப்புறத்திலுள்ள சிவப்புப் பொத்தானைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் சுமை ஏறும்போது மோட்டாரைக் காப்பாற்றும்பொருட்டு அது தானே விலகிக்கொள்ளும். இயந்திரம் ஆறிய பின் அதை அழுத்தினால் மீண்டும் ஓடும். மோட்டார் சுழன்றும் ஜாரின் கத்தி சுழலாவிடில், இரண்டையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது. தீப்பொறி மிகுதியாகப் பறந்தால் கார்பன் பிரஷ்கள் குறுகியிருக்கலாம். இவை அனைத்தும் சிறு செலவினவே.

கிரைண்டரில் மோட்டார் ஓடியும் பாத்திரம் சுற்றாமலிருப்பின், பெல்ட் தளர்ந்தோ அறுந்தோ இருக்கும். மாவு நைசாக அரைபடாமைக்குக் கல்லின் கொத்து மழுங்கியதோ, குழவியின் புஷ் தேய்ந்ததோ காரணமாகலாம். கிரைண்டரின் கருங்கல் பல ஆண்டு உழைக்கும். அதைக் கொத்திக்கொள்ளவும் முடியும். கல்லும் பாத்திரமும் நன்றாயிருக்கும் கிரைண்டரை மோட்டாரின் பொருட்டுத் தள்ளிவிடுதல், மாடு இளைத்ததென்று வண்டியையும் சேர்த்து விற்பதைப் போன்றதாகும்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. குளிர்ச்சி குறைந்தவுடன் ‘காஸ் தீர்ந்துவிட்டது’ என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அந்த வாயு எரிபொருளைப் போலச் செலவாவதன்று. மூடிய குழாய்களுக்குள் ஓயாது சுற்றி வருவது. அது குறைந்ததென்றால் எங்கேயோ கசிகிறது என்பதே பொருள். கசிவைக் கண்டு அடைக்காமல் மீண்டும் நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். காஸ் நிரப்ப உடன்படுமுன், எளிய காரணங்களை ஆராய வேண்டும். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், தடையின்றி வருமிடத்தில் கதவு ரப்பர் தளர்ந்திருப்பது விளங்கும். பின்புறக் கம்பிச் சுருளில் தூசி படிந்திருந்தாலும், பெட்டி சுவரோடு ஒட்டி நின்றாலும், உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாமல் குளிர்ச்சி குறையும். தெர்மோஸ்டாட், ரிலே போன்ற சிறு பாகங்கள் கெட்டிருப்பின் மாற்றிக்கொள்ளலாம். கம்ப்ரஸர் கெட்டதென்றாலும், சுவருக்குள் புதைந்த குழாயில் கசிவு என்றாலும் மட்டுமே பெட்டியின் உயிர்நிலை தாக்கப்பட்டதென்று கொள்ளலாம்.

கெட்டது ஏன்?

கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டி மாட்டினாலும், அதற்குப் பதிலாகப் புதிய மோட்டாரையே வாங்கி மாட்டினாலும், கருகியதற்குரிய காரணம் நீங்காவிடில் அதுவும் கருகியே தீரும். கிராமங்களில் இக்காரணம் பெரும்பாலும் இயந்திரத்துக்கு வெளியே, மின்சாரம் வரும் வழியிலேயே இருக்கிறது.

முதலாவது, அழுத்தக் குறைவு. வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். மோட்டாரின் சுழற்றும் வலிமை மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டிக் குறையும் இயல்புடையது. அழுத்தம் 184 வோல்ட்டாக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், வலிமை நூற்றுக்கு அறுபத்து நான்காகிவிடும். 160 வோல்ட்டில் பாதி வலிமைகூட இராது. சுமையோ குறைவதில்லை. ஆகவே மோட்டார் கூடுதலான மின்சாரத்தை இழுத்துச் சூடேறுகிறது. சில வேளை சுழலவே மாட்டாமல் ஊமையாக முனகி நிற்கிறது. அந்நிலையில் சுவிட்சை உடனே நிறுத்தாவிடில் சில நிமிஷங்களில் காயில் கருகும். காயிலின் மேற்பூச்சானது அதற்குரிய வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை கூடும்போதும் தன் ஆயுளில் ஏறக்குறைய பாதியை இழக்கும் என்பது மின்பொறியாளர் கையாளும் பொது விதி. ஒரே நாளில் எரியாத மோட்டாரும் மாலைதோறும் சூடேறி ஓடினால் விரைவில் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, மும்முனை மோட்டாரில் ஒரு முனை அற்றுப்போதல். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று ஃபேஸ்களில் ஒன்று நின்றுவிட்டால், மற்ற இரண்டும் சுமை முழுவதையும் தாங்க முயன்று சூடேறுகின்றன. தக்க தடுப்புக் கருவி இருந்தால் மோட்டார் உடனே நின்று பிழைத்துக்கொள்ளும். இல்லாவிடில் இரண்டு காயில்கள் கருகும். ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் அளவை மோட்டாரின் பலகையில் குறித்திருக்கும் ஆம்பியருக்கு மேல் தூக்கி வைத்து, ‘இப்போது விழாமல் ஓடுகிறது’ என்று மகிழ்வது, நோயைக் காட்டும் நாடியை அறுத்துவிட்டு நோய் தீர்ந்ததென்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நியூட்ரல் கம்பி அறுதல். இது ஊருக்கே தீங்கு தருவது. மின்மாற்றியிலோ கம்பத்திலோ நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால், வெவ்வேறு ஃபேஸ்களில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டாற் போலாகி, சில வீடுகளில் அழுத்தம் குறைந்தும், சில வீடுகளில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்கு மிகுந்தும் போகும். பல்புகள் திடீரென அளவுக்கு மீறிப் பிரகாசிப்பதும், பக்கத்து வீட்டில் மங்குவதும் இதன் அறிகுறி. அவ்வேளையில் மெயின் சுவிட்சை உடனே நிறுத்தி, மின்வாரியத்துக்குத் தகவல் தருவது ஒன்றே செய்யத்தக்கது. ஒரே நாளில் ஒரே தெருவில் பல வீட்டு இயந்திரங்கள் கெட்டனவாயின், தத்தம் இயந்திரத்தின் தரத்தைக் குறைகூறுவதை விட்டு, லைனைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். அதற்கு முன் புதிய இயந்திரம் வாங்குதல் வீண்.

நான்காவது, உபயோகிக்கும் முறை. மிக்ஸியில் ஜாரை நிறைய அடைத்து ஓயாமல் ஓட்டுதல், கிரைண்டரில் கெட்டியான மாவுடன் நின்ற இடத்திலிருந்து தொடங்குதல், மின்சாரம் போய் வந்த மறுகணமே ஃபிரிட்ஜை ஓடவிடுதல் ஆகியன இயந்திரத்தின் ஆயுளைக் குறைப்பவை. நின்ற கம்ப்ரஸரின் குழாய்களில் அழுத்தம் சமநிலை அடையச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் மீண்டும் ஓட முயல்வது அதற்குப் பெருஞ்சுமை. தாமதித்து மின்சாரம் தரும் ஸ்டெபிலைஸர் இதைத் தடுக்கும். சுண்டெலி கடித்த வயரும், பின்புறம் கூடுகட்டிய எறும்பும் பழுதுக்குக் காரணமாவதுண்டு. இவற்றைக் கண்டு நீக்கச் செலவே இல்லை.

காயில் கட்டிய மோட்டார்

காயில் கருகிய மோட்டாரைத் திரும்பக் கட்டி ஓட்டுவது நமது ஊர்களில் நெடுங்கால வழக்கம். முறையாகக் கட்டினால் அது குற்றமற்றதே. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பழைய காயிலில் இருந்த அதே பருமனுள்ள செப்புக் கம்பியும், அதே எண்ணிக்கைச் சுற்றுகளும் இருக்க வேண்டும். மெல்லிய கம்பியைச் சுற்றினால் மோட்டார் முன்னிலும் சூடேறும். பழைய காயிலை எடுப்பதற்காக மோட்டாரைத் தீயிலிட்டுச் சுட்டால், உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளின் இடைப்பூச்சு எரிந்து, பின்னர் எந்தக் காயில் கட்டினாலும் மின்சாரம் வெப்பமாக வீணாகும். காயில் கட்டிய பின் வார்னிஷ் ஊற்றி நன்றாக உலர்த்த வேண்டும். அவசரத்துக்காக இதைத் தவிர்த்தல் கூடாது.

இரண்டு மூன்று முறை சுட்டுக் கட்டிய மோட்டாரை மேலும் ஒரு முறை கட்டுவதைவிடப் புதிது வாங்குவது மேல். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990 முதல் கட்டணமின்றி வழங்கப்பட்டு வந்ததால், மோட்டார் வீணாக்கும் மின்சாரம் குடியானவருடைய கணக்கில் தெரிவதில்லை. எனினும் அந்த நஷ்டம் வேறு வழியில் அவரையே சாரும். தகுதி குன்றிய பம்பு மணிக்கு இறைக்கும் நீர் குறைவு. மும்முனை மின்சாரம் வரும் சில மணி நேரத்துக்குள் பாய்ச்சல் முடியாமற்போனால், கடைமடை காயும். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் மோட்டார் நின்றால் நஷ்டம் மோட்டாரின் விலையோடு நிற்பதில்லை.

ஆண்டுக் கணக்கு

கெட்டது எது, ஏன் என்று தெரிந்த பின்னரே கணக்குக்கு வர வேண்டும். செப்பனிடும் செலவைப் புதியதன் விலையோடு நேராக ஒப்பிடுவது தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். ஒவ்வொன்றையும் அது உழைக்கக்கூடிய ஆண்டுகளால் வகுத்து, ஓராண்டுக்கு ஆகும் செலவைக் காண வேண்டும். பின்வரும் தொகைகள் முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையை இட்டுக் கணக்கிட்டுக்கொள்க.

ஒரு மிக்ஸிக்குக் கப்ளரும் பிரஷ்களும் மாற்ற ரூ. 250 ஆகி, அது இரண்டாண்டு உழைக்குமென்றால், ஆண்டுச் செலவு ரூ. 125. புதியது ரூ. 3,500க்கு வாங்கி ஏழாண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு ரூ. 500. இங்கே செப்பனிடுதலே லாபம் என்பதில் ஐயமில்லை.

பன்னிரண்டு ஆண்டு உழைத்த ஒரு கிரைண்டருக்குக் காயில், பேரிங், பெல்ட் எல்லாம் சேர்ந்து ரூ. 1,800 ஆகி, நான்காண்டு ஓடுமென்றால் ஆண்டுக்கு ரூ. 450. புதியது ரூ. 5,600க்கு வாங்கிப் பதினான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ. 400. பார்வைக்குப் புதியதே மலிவு. ஆனால் கையில் ரொக்கமின்றி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், முதல் ஆண்டில் வட்டி மட்டும் ரூ. 672 ஆகும், செப்பனிடும் தொகையையே கடன் வாங்கினாலும் ரூ. 216தான். ஆகவே ரொக்கம் உள்ளவருக்கு ஒரு முடிவும், அறுவடைக்கு முன் கையிருப்பு இல்லாதவருக்கு வேறொரு முடிவும் சரியாக இருக்கலாம். தவணை முறையில் வாங்குவோர், தவணைகளைக் கூட்டி மொத்தத் தொகையைக் கண்டே ஒப்பிட வேண்டும். பழையதை எடுத்துக்கொண்டு விலை குறைப்பதாகக் கடைக்காரர் கூறினால், பழையது கொடாமல் ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலை என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பதினைந்து ஆண்டான ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரஸரும் காஸும் சேர்ந்து ரூ. 6,000 ஆகி மூன்றாண்டு ஓடுமென்றால், ஆண்டுக்கு ரூ. 2,000. புதியது ரூ. 18,000க்கு வாங்கிப் பன்னிரண்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ. 1,500. இங்கே மாற்றுவதே தகும்.

செப்பனிடும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டி, இயந்திரமும் தன் ஆயுளில் பாதியைக் கடந்திருந்தால் மாற்றிவிடலாம் என்று பொதுவாகச் சொல்லுவதுண்டு. அவசரத்துக்கு அது உதவும்; ஆண்டுக் கணக்கு அதனினும் நம்பத்தக்கது.

முன்னர் செலவிட்ட பணத்தை இக்கணக்கில் சேர்த்தல் கூடாது. ‘சென்ற ஆண்டுதான் இரண்டாயிரம் செலவிட்டேன், இப்போது எறிய மனம் வரவில்லை’ என்பது இயல்பான எண்ணமே. ஆனால் அந்தப் பணம் போயிற்று. இனிச் செலவிடும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே கேள்வி. ஓராண்டுக்குள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பாகம் கெடுமாயின், இயந்திரம் முழுவதும் மூப்படைந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாது. வாங்கிய தேதி, கெட்ட தேதி, மாற்றிய பாகம், ஆன செலவு ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்து வைப்பது நலம்.

கணக்கில் எழுதப்படாத செலவும் உண்டு. கிரைண்டர் ஒரு மாதம் கடையில் கிடந்தால், அந்த மாதம் முழுவதும் மாவாட்டும் பாடு வீட்டுப் பெண்களுடையது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களுக்குச் சோறாக்கும் காலத்தில் இப்பாடு இரட்டிக்கும். முடிவைத் தள்ளிப்போடுவது ஆடவருக்குச் சிக்கனமாகத் தோன்றினும், அதன் கூலியைக் கொடுப்பவர் வேறொருவர் என்பதை மறத்தல் கூடாது. இயந்திரத்தை அன்றாடம் கையாளுபவர் அவர்களே; எப்போது என்ன ஓசை எழுந்தது, எப்போது சூடேறிற்று என்பதை நன்கு அறிந்தவர்களும் அவர்களே. ஆகையால் அவர்களைக் கேளாமல் முடிவு செய்தல் முறையன்று.

ஓட்டச் செலவு

நன்றாக ஓடும் இயந்திரத்தையும் மாற்றுவது லாபமாகும் சந்தர்ப்பங்கள் உண்டு. பழைய கூரை விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் கொள்ளும். காந்தத்தால் சுழலும் புதுவகை விசிறிகள் சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகின்றன. வித்தியாசம் 45 வாட். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால், மீதமாவது 162 யூனிட். ஓயாது சுழலும் கூடத்து விசிறிக்கு இது கணிசமான தொகை. ஆண்டில் பத்து நாள் சுழலும் விருந்தினர் அறை விசிறிக்கு ஒன்றுமில்லை. ஆகவே கெடும் முதல் விசிறி கூடத்து விசிறியாயின் அதைப் புதுவகையால் மாற்றுவதும், அறை விசிறியாயின் கண்டென்ஸரை மாற்றி ஓட்டுவதும் தக்கது.

ஃபிரிட்ஜ் எவ்வளவு மின்சாரம் உண்ணுகிறது என்பதை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். குடும்பத்தார் வெளியூர் செல்லும் நாளில் மற்றெல்லாச் சுவிட்சுகளையும் நிறுத்தி, மீட்டரின் எண்ணைக் குறித்துவைத்து, 24 மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தால் ஒரு நாள் செலவு தெரியும். கதவு திறவாத நாளாதலால் இது உண்மைச் செலவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். நாளுக்கு 2 யூனிட் என்றால் ஆண்டுக்கு 730 யூனிட். புதிய பெட்டிகளின்மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில் ஓராண்டுக்கு ஆகும் யூனிட் அச்சிடப்பட்டிருக்கும். அது 200 என்றால், மீதம் 530 யூனிட். இந்த நட்சத்திரச் சீட்டு முறையை இந்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2006இல் தொடங்கிற்று. கூரை விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் அது கட்டாயமாயிற்று.

ஆனால் மீதமாகும் யூனிட் அனைத்தும் பணமாகிவிடுவதில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீட்டுக் கட்டணம் இல்லை என்னும் சலுகை 2016இல் ஏற்பட்டது. அச்சலுகைக்குள் அடங்கும் குடும்பத்துக்கு மின்சாரச் சிக்கனத்தால் ரொக்க லாபம் இல்லை. மிகுதியாக மின்சாரம் கொள்ளும் வீட்டிலோ, குறையும் ஒவ்வொரு யூனிட்டும் உச்சப் படியின் விலையில் குறையும். 2022இல் வகுத்த கட்டண முறையில், 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்குக் கீழ்ப்படியின் விலையும் கூடும்படி அமைந்தது. ஆகவே மின்கட்டண அட்டையை முன்வைத்துக்கொண்டே இந்தக் கணக்கைச் செய்ய வேண்டும்.

செப்பனிடத் தகாதவை

சில பழுதுகளில் கணக்குக்கு இடமில்லை. தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடின் மேலுறை வெடித்தோ துளைபட்டோ போனால் அதை ஒட்டவோ சுற்றவோ கூடாது. உடனே அகற்றிவிட வேண்டும். இயந்திரத்தின் உடலைத் தொட்டால் மின்சாரம் சுரீரெனத் தாக்குமாயின், காரணம் கண்டு நீக்கும்வரை அதை ஓட்டலாகாது. ஈரக்கையும் ஈரத்தரையும் சேர்ந்த சமையலறையில் இது உயிருக்கே ஆபத்து. எர்த் கம்பியற்ற இணைப்பும், வெட்டிவிட்ட மூன்றாம் முனையுடைய பிளக்கும் இவ்வாபத்தைப் பெருக்குபவை. கசியும் மின்சாரத்தை உணர்ந்து தானே துண்டிக்கும் கருவியை மெயின் சுவிட்சின் பக்கத்தில் பொருத்துதல் எல்லா வீடுகளுக்கும் அவசியம்.

தற்கால ஃபிரிட்ஜுகள் பலவற்றில் உள்ள ஐஸோபியூட்டேன் வாயு தீப்பற்றக் கூடியது. அவற்றைத் திறந்து பற்றவைக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்புவிக்க வேண்டும். மிகப் பழைய பெட்டிகளில் இருந்த குளோரோஃபுளூரோகார்பன் வாயு, வானில் ஓஸோன் படலத்தைக் கெடுப்பதாகக் கண்டு, மான்ட்ரியால் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகளிலும் 2010 முதல் விலக்கப்பட்டது. அத்தகைய பெட்டியைச் செப்பனிட முயலாமல் விடுவதே நலம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

இயந்திரத்தைக் கடையில் விடுமுன் உத்தரவாதச் சீட்டின் காலம் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஸர், மோட்டார் முதலிய சில பாகங்களுக்கு, இயந்திரம் முழுவதற்கும் உள்ள காலத்தைவிட நீண்ட உத்தரவாதம் இருப்பதுண்டு. பழுது இன்னது, செலவு இவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு, சம்மதம் தெரிவித்த பிறகே வேலை தொடங்கச் சொல்ல வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி கேட்க வேண்டும். கருகிய காயிலையும் தேய்ந்த பிரஷையும் கண்ணால் பார்த்தவருக்கு அடுத்த முறை அறிவுறுத்தல் தேவையில்லை. செய்த வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்பதையும் ரசீதில் குறிக்கச் சொல்லலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுடைய பொருள் பற்றியும் குறையுடைய வேலை பற்றியும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். ரசீது இல்லாத முறையீட்டுக்கு வலிமையில்லை.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

ஒரு வீட்டில் மோட்டார் கருகுவது அவ்வீட்டார் விஷயம். ஒரே மின்மாற்றியின்கீழ் பல வீடுகளில் கருகுவது ஊர் விஷயம். எந்தத் தேதியில், எந்தத் தெருவில், எத்தனை இயந்திரங்கள் கெட்டன என்னும் விவரத்தைத் திரட்டி, மாலை வேளைகளில் அளந்த வோல்ட் அளவுகளுடன் மின்வாரியப் பொறியாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்தால், தனித்தனியே நூறு பேர் வாய்மொழியாகக் குறைகூறுவதைவிடப் பயன் உண்டாகும். மின்மாற்றியின் சுமையும் நியூட்ரல் இணைப்பும் சீரானால், அதன்கீழ் உள்ள எல்லா வீடுகளின் செப்பனிடும் செலவும் ஒருசேரக் குறையும்.

அகற்றப்பட்ட இயந்திரங்களைக் குறித்தும் கவனம் வேண்டும். செம்புக்காக வயர்களைக் குவித்து எரித்தால் எழும் புகை நஞ்சு. பழைய குழாய்வகைத் தொலைக்காட்சிகளின் கண்ணாடியில் ஈயம் உண்டு. அவற்றை உடைத்துப் பாழுங்கிணற்றிலோ ஏரிக்கரையிலோ கொட்டினால் அந்த ஈயம் மண்ணையும் நீரையும் சேரக்கூடும். 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், இவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் சுமத்தியுள்ளன. ஊராட்சிகள் ஆண்டுக்கு ஓரிரு தடவை நாள் குறித்து ஊரார் அனைவரிடமிருந்தும் இவற்றைச் சேகரித்து ஒப்படைக்க ஏற்பாடு செய்தல் சாத்தியமே.

சுருங்கக் கூறின், தேயும் பாகம் கெட்டால் செப்பனிடுக. தலைமைப் பாகம் கெட்டால் ஆண்டுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்க. உயிருக்கு ஆபத்தான பழுதாயின் கணக்குப் பாராது விலக்குக. இம்மூன்றில் எதைச் செய்யினும், கெட்டதன் காரணத்தை முதலில் நீக்குக. கொழு அடிக்கடி முறிந்தால் கொல்லரை மட்டும் நோகாமல் நிலத்தில் கல் இருக்கிறதா என்று பார்ப்பது குடியானவர் வழக்கம். அதே வழக்கம் மின்சார இயந்திரங்களுக்கும் பொருந்தும்.